ஒரே அலுவலகத்திலிருந்து இரண்டு ஓவியர்கள்

கைநிறையச் சம்பளம் தந்த தொழிலை உதறிவிட்டு ஓவியம் வரையப் போனவர் யார் என்று கேட்டால், உலகம் முழுக்கச் சட்டென்று சொல்லப்படும் பெயர் பால் காகின். பாரிஸ் பங்குச்சந்தையில் நன்றாகச் சம்பாதித்தவர். மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் பிரிந்து, கடைசியில் தாஹிதித் தீவுக்கே போய்விட்டவர். சாமர்செட் மாம் 1919-இல் எழுதிய ‘தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்’ நாவல் இவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான். நாவலின் நாயகன் சார்லஸ் ஸ்டிரிக்லேண்ட் லண்டனில் பங்குத்தரகன். நாற்பது வயதில், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறான். நாவல் படித்தவர்கள், படிக்காமலே அதன் கதையைக் கேட்டவர்கள் எல்லோர் மனத்திலும் இந்தக் கற்பனை மனிதனின் கதையே காகினின் கதையாகப் பதிந்துபோய்விட்டது.

காகின் வேலை பார்த்த அதே தரகு அலுவலகத்தில் இன்னொரு இளைஞரும் இருந்தார். அவருக்கும் ஓவியப் பைத்தியம். அவரும் சில ஆண்டுகளில் அந்த வேலையை விட்டார். அவரும் ஓவியராகவே வாழ்ந்து ஓவியராகவே இறந்தார். எமில் ஷூஃபெனெக்கர் என்ற அந்தப் பெயரைக் கலை வரலாற்று மாணவர்களைத் தவிர வேறு யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் காகினின் நண்பர் என்ற அடிக்குறிப்பாகத்தான் சொல்கிறார்கள். ஒரே தொழில், ஒரே ஊர், ஒரே காலம், ஒரே ஆசை. தொழிலை விட்ட பிறகு இருவரும் போன பாதை மட்டும் வேறு. இப்படி ஒரு ஜோடி ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைப்பது அரிது. இருவரையும் சேர்த்துப் படிக்கும்போது, காகினைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் பல விஷயங்கள் ஆட்டம் காண்கின்றன.

காகின் 1848-இல் பாரிஸில் பிறந்தவர். மறுவருடமே குடும்பம் பெரு நாட்டுக்குக் கப்பலேறியது. பத்திரிகையாளரான தந்தை வழியிலேயே இறந்துபோனார். லிமாவில் தாய்வழி உறவினர் வீட்டில் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு பிரான்ஸ் திரும்பி, பதினேழு வயதில் வணிகக் கப்பலிலும் பின்னர் கடற்படையிலும் வேலை செய்தார். தாய் இறந்த பின் அவருக்குக் காப்பாளராக இருந்த குஸ்தாவ் அரோசா பெரிய ஓவியச் சேகரிப்பாளர். அவருடைய வீட்டுச் சுவர்களில்தான் கூர்பே, கோரோ, தெலக்ருவா, பிஸ்ஸாரோ ஆகியோரின் ஓவியங்களை இளைஞன் காகின் அன்றாடம் பார்த்தான். அவருடைய சிபாரிசில்தான் லஃபீத் தெருவிலிருந்த பெர்த்தேன் என்பவரின் பங்குத்தரகு நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. ஆக, ஓவியமும் பங்குச்சந்தையும் காகினுக்கு ஒரே கதவு வழியாகவே வந்து சேர்ந்தன.

ஷூஃபெனெக்கர் மூன்று வயது இளையவர். கிழக்கு பிரான்ஸில் ஒரு சிற்றூரில் 1851-இல் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பாரிஸில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1872-இல் பெர்த்தேன் நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோதே அவர் முறையாக ஓவியம் பயின்றுகொண்டிருந்தவர். பால் போத்ரி, கரோலுஸ்-துய்ரான் போன்ற அன்றைய பிரபல ஓவியர்களிடம் பாடம் கேட்டவர். காகினுக்கோ அப்போது எந்தப் பயிற்சியும் கிடையாது. இருவரும் சேர்ந்து கொலரோஸி பயிற்சிக்கூடத்துக்குப் போய் வரைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தூரிகையோடு கிளம்பினார்கள். தொடக்கத்தில் இந்தக் கலையில் முன்னே நின்றவர் ஷூஃபெனெக்கர் என்பதை இன்று யாரும் நினைப்பதில்லை.

அந்த வருடங்கள் காகினுக்கு நல்ல வருடங்கள். 1873-இல் டென்மார்க்கைச் சேர்ந்த மெட்டே காடைத் திருமணம் செய்துகொண்டார். 1876-இல் அவருடைய நிலக்காட்சி ஒன்று அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சியில் ஏற்கப்பட்டது. மறுவருடம் ஷூஃபெனெக்கரின் ஓவியமும் அங்கே இடம்பெற்றது. காகின் பெர்த்தேனிடமிருந்து வேறு நிதி நிறுவனங்களுக்கு மாறினார், வருமானமும் ஏறியது. 1879-இல் அவருடைய ஆண்டு வருமானம் 30,000 பிராங்க் என்று சொல்லப்படுகிறது. பாரிஸில் ஒரு தொழிலாளி நாள் முழுக்க உழைத்தால் நான்கைந்து பிராங்க் கிடைத்த காலம் அது. பணத்தைச் சும்மா வைத்திருக்கவில்லை. பிஸ்ஸாரோ, செசான், ரெனுவார், தெகா, சிஸ்லே என்று யாரும் வாங்கத் துணியாத ஓவியர்களின் படைப்புகளை வாங்கிச் சேர்த்தார். 1879 முதல் 1882 வரை நான்கு இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சிகளிலும் பங்கேற்றார்.

மாமின் நாவல் மறைத்துவிட்ட இடம் இதுதான். ஸ்டிரிக்லேண்ட் ஒரே இரவில் கிளம்புகிறான். காகின் அப்படிக் கிளம்பவில்லை. வேலையை விட்டபோது அவருக்குப் பின்னால் ஏறத்தாழ பத்தாண்டுப் பயிற்சி இருந்தது. பிஸ்ஸாரோ என்ற ஆசான் கூடவே நின்று வரையக் கற்றுக்கொடுத்திருந்தார். பாரிஸின் புதிய ஓவியர்கள் எல்லோரையும் அவருக்குத் தெரியும். அவர்களுடைய படைப்புகளை விலை கொடுத்து வாங்கியவர் என்பதால் அவர்களுக்கும் அவரைத் தெரியும். சம்பளம் வாங்கிய காலம் ஓவியத்துக்கு வீணான காலம் என்ற எண்ணம் காகின் விஷயத்தில் சரியே இல்லை. சம்பளம்தான் அவருடைய ஓவியக் கல்லூரி.

வேலையை விட்டதும் முழுக்க அவருடைய முடிவு என்று சொல்ல முடியாது. 1882 ஜனவரியில் யூனியன் ஜெனரால் என்ற பெரிய வங்கி சரிந்தது. பாரிஸ், லியோன் பங்குச்சந்தைகள் அதோடு சேர்ந்து விழுந்தன. எமில் ஸோலா ‘பணம்’ நாவலை எழுதியது இந்தச் சரிவை வைத்துத்தான். தரகுத் தொழில் முடங்கியது, வருமானம் வற்றியது. 1883-இல் காகின் அந்த உலகத்தை விட்டு வெளியே வந்தார். அந்த டிசம்பரில் ஐந்தாவது பிள்ளை பிறந்தபோது, பிறப்புப் பதிவில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘ஓவியர்’ என்று எழுதவைத்தார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பெருமிதம் இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. பக்கத்தில் படுத்திருந்த மெட்டேயின் மனநிலையும் புரிகிறது. அவர் திருமணம் செய்துகொண்டது ஒரு பங்குச்சந்தைக்காரரை.

ஷூஃபெனெக்கரும் 1880களின் தொடக்கத்தில் தரகு அலுவலகத்தை விட்டார். அவர் செய்த காரியம் கதைக்கு உதவாதது: ஓவியம் கற்பிப்பதற்கான தகுதிச் சான்றிதழுக்குப் படித்துத் தேறினார். 1884-இல் பாரிஸை ஒட்டிய வான்வ் என்ற ஊரில் இருந்த மிஷ்லே பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலை கிடைத்தது. அதே ஆண்டு, தேர்வுக்குழுவும் பரிசும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஓவியம் வைக்கலாம் என்ற கொள்கையோடு சுயேச்சை ஓவியர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவராக இருந்தார். காலையில் பள்ளி, மாலையிலும் விடுமுறையிலும் ஓவியம். 1880-இல் மணந்த லூயிஸ், பெண் ஒன்று, பிள்ளை ஒன்று, மாதம் பிறந்தால் சம்பளம்.

இதே 1884-இல் காகினின் நிலை வேறு. செலவு குறையும், அங்குள்ள பணக்காரர்கள் ஓவியம் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டுக் குடும்பத்தோடு ரூவான் நகரத்துக்குப் போனார். யாரும் வாங்கவில்லை. வருடக் கடைசியில் மனைவியின் ஊரான கோபன்ஹேகனுக்குப் போய், தார்ப்பாய் விற்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் முகவராக இருந்து பார்த்தார். டேனிஷ் மொழி தெரியாது, தார்ப்பாயும் விற்கவில்லை. தூதரகப் பணிக்குப் போகவிருந்த இளைஞர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து மெட்டேதான் குடும்பத்தை நடத்தினார். 1885 ஜூனில் ஆறு வயது மகன் க்ளோவிஸை மட்டும் கூட்டிக்கொண்டு காகின் பாரிஸ் திரும்பினார். அந்தக் குளிர்காலத்தில் பையனுக்கு அம்மை போட்டது. தகப்பன் ரயில் நிலையத்தில் விளம்பரச் சுவரொட்டி ஒட்டும் வேலைக்குப் போனார். மூன்று ஆண்டுகளுக்கு முன் செசான் ஓவியங்களை விலை பேசி வாங்கியவர் அவர்.

இந்த இருவரையும் வைத்து துணிந்தவன், பயந்தவன் என்று பிரிப்பது சுலபம். கலை வரலாறு பல காலம் அப்படித்தான் பிரித்தது. அவர்களுக்கு இடையே நடந்ததை நெருங்கிப் பார்த்தால் அந்தப் பிரிப்பு நிற்காது.

கோபன்ஹேகனில், யாரும் தன்னைப் புரிந்துகொள்ளாத ஒரு குளிர்காலத்தில், 1885 ஜனவரியில் காகின் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கோடுகளுக்கும் நிறங்களுக்கும் அவை காட்டும் பொருளைத் தாண்டிய உணர்ச்சி உண்டு என்பது அதன் சாரம். அவருடைய பிற்கால ஓவியங்கள் எல்லாவற்றுக்கும் விதை அந்தக் கடிதத்தில் இருக்கிறது. எழுதப்பட்டது ஷூஃபெனெக்கருக்கு. 1888 ஆகஸ்டில் பிரெத்தாஞ்ஞில் இருந்து இன்னொரு கடிதம்: இயற்கையைப் பார்த்து அப்படியே வரையாதே, அதன் முன்னால் கனவு கண்டு அதிலிருந்து எடுத்துக்கொள் என்ற அறிவுரை. இன்று நவீன ஓவியம் பற்றிய எந்தப் பாடநூலிலும் அது இடம்பெறும். அதுவும் ஷூஃபெனெக்கருக்குத்தான். தன் மனத்தில் உருவாகிக்கொண்டிருந்த புதிய கலையைச் சொல்லிப் பார்க்க காகினுக்கு ஒரு காது தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் அந்தக் காதாக இருந்தார். புரியாத ஒருவருக்கு யாரும் இப்படி வருடக்கணக்கில் எழுதமாட்டார்கள்.

காதாக மட்டுமா இருந்தார்? 1886-இல் பிரெத்தாஞ் கடற்கரையில் எமில் பெர்னார் என்ற பதினெட்டு வயது இளைஞரைச் சந்தித்து, காகினிடம் போய்ப் பார் என்று அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பியவர் ஷூஃபெனெக்கர். பெர்னாரும் காகினும் இரண்டு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்து வேலை செய்தபோதுதான் அழுத்தமான வெளிக்கோடும் தட்டையான நிறப்பரப்பும் கொண்ட புதிய பாணி முழு வடிவம் பெற்றது. பனாமாவில் கால்வாய் தோண்டும் கூலியாக வேலை செய்து, மார்த்தினிக் தீவில் நோயில் விழுந்து, 1887 நவம்பரில் காகின் வெறுங்கையோடு பாரிஸ் வந்தபோது தங்கியது ஷூஃபெனெக்கர் வீட்டில். ஆர்ல் நகரில் வான்கோவோடு இரண்டு மாதம் இருந்து, வான்கோ காதை அறுத்துக்கொண்ட அந்தக் கொடுமையான டிசம்பருக்குப் பிறகு ஓடி வந்து புகுந்ததும் அதே வீட்டில்தான்.

1889-இல் ஐஃபெல் கோபுரம் திறக்கப்பட்ட அந்த உலகக் கண்காட்சியில் அரசின் ஓவியக்கூடத்துக்குள் இவர்களுக்கு இடமில்லை. கண்காட்சி வளாகத்தில் வொல்பீனி என்பவர் ஒரு காபிக்கடை நடத்தினார். சுவரில் மாட்ட அவர் வரவழைத்த கண்ணாடிகள் வந்து சேரவில்லை என்பதை அறிந்த ஷூஃபெனெக்கர், அவரிடம் பேசி அந்தச் சுவர்களை ஓவியங்களுக்கு வாங்கிவிட்டார். போந்தவென் ஊரில் இருந்துகொண்டு, யாரைச் சேர்க்கலாம் யாரைச் சேர்க்கக் கூடாது என்று கடிதத்தில் உத்தரவு போட்டவர் காகின். படங்கள் விற்கவில்லை. ஆனால் மொரீஸ் தெனி முதலான இளம் ஓவியர்கள் அங்கே வந்து பார்த்துத் திகைத்துப் போனார்கள். அடுத்த தலைமுறை ஓவியம் அந்தக் காபிக்கடைச் சுவரிலிருந்து ஒரு கிளை பிரிந்தது. அந்தச் சுவரைப் பிடித்துக் கொடுத்தவர், சனி ஞாயிறில் கலை செய்கிறவர் என்று கேலி செய்யப்பட்ட மனிதர்.

அதே ஆண்டு காகின் தன் நண்பர் குடும்பத்தை வரைந்தார். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஷூஃபெனெக்கர் குடும்பம்’ ஓவியத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓவியக்கூடம். பின்னால் அகலமான சன்னல், சுவரில் ஜப்பானிய அச்சுப்படம். முன்னால் கனத்த கருநீல மேலங்கியோடு லூயிஸ் உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் சிரிப்பில்லை, மடியில் கிடக்கும் கை பெரிதாக, கரடுமுரடாக வரையப்பட்டிருக்கிறது. அவரை ஒட்டி இரண்டு குழந்தைகள். வீட்டுக்காரர் எங்கே? ஒரு ஓரத்தில், ஈசலுக்கு அருகே, கைகளைக் கோத்துக்கொண்டு, யாரிடமோ அனுமதி கேட்பவர்போல ஒடுங்கி நிற்கிறார். அது அவருடைய சொந்த ஓவியக்கூடம். தனக்குச் சோறு போட்ட மனிதரை அவருடைய வீட்டுக்குள்ளேயே விருந்தாளி ஆக்கி வரைந்திருக்கிறார் காகின். ஓவியமாக அது அற்புதம். நிறங்கள் ஒன்றோடொன்று மோதி நிற்கும் விதம், அந்த வீட்டில் ஓடிய இறுக்கம் முழுவதையும் சொல்கிறது. மனிதராக காகின் செய்தது இரக்கமற்ற காரியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. காகினின் மேதைமையையும் அவருடைய கொடுமையையும் ஒரே சட்டத்துக்குள் காட்டும் படம் வேறொன்று எனக்குத் தெரியாது.

நட்பு அதன் பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. 1891-இல் காகின் தாஹிதிக்குக் கப்பலேறியபோது இருவருக்கும் கசப்பு முற்றிப்போயிருந்தது.

காகினின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது அவசியம். கலைக்காக எல்லாவற்றையும் துறந்தார் என்ற வாக்கியத்தில் ‘எல்லாம்’ என்பதற்குள் பல மனிதர்கள் இருக்கிறார்கள். மெட்டே கோபன்ஹேகனில் பாடம் சொல்லிக்கொடுத்தும், ஸோலாவை டேனிஷில் மொழிபெயர்த்தும், கணவர் விட்டுச்சென்ற இம்ப்ரஷனிஸ்ட் ஓவியங்களை ஒவ்வொன்றாக விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். அந்த ஓவியங்கள் சம்பளக் காலத்துப் பணத்தில் வாங்கியவை. 1893-இல் காகினின் தந்தைவழி உறவினர் ஒருவர் இறந்து ஏறத்தாழ 13,000 பிராங்க் சொத்து வந்தபோது, அதில் சிறு பகுதியே மெட்டேக்குப் போய்ச் சேர்ந்தது. காகினின் செல்ல மகள் அலீன் 1897-இல் பத்தொன்பது வயதில் நிமோனியாவில் இறந்தாள். தகவல் தாஹிதி போய்ச் சேரப் பல வாரங்கள் ஆயின. ரயில் நிலையக் குளிர்காலத்தில் அம்மையில் கிடந்த க்ளோவிஸ் 1900-இல் இறந்துபோனது தகப்பனுக்குக் கடைசிவரை தெரியாது.

தாஹிதியிலும் அவர் சுயமாக நின்றார் என்று சொல்ல முடியாது. பாரிஸில் தானியேல் த மோன்ஃப்ரைட் என்ற ஓவிய நண்பர் ஓவியங்களைப் பாதுகாத்து, விற்று, பணமும் நிறக்குழாய்களும் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1898-இல் காகின் பாப்பீத்தே நகரின் பொதுப்பணித் துறையில் வரைவாளர் வேலைக்குப் போக நேர்ந்தது. வேலையை உதறியவர், ஐம்பது வயதில் மறுபடியும் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தார். 1900-இல் வணிகர் ஆம்புருவாஸ் வொலார் மாதம் 300 பிராங்க் தருவதாக ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஓவியர்கள் தேடி அலையும் மாதச் சம்பளம் அவருக்குக் கடைசி மூன்று ஆண்டுகளில் வேறு பெயரில் கிடைத்தது.

இன்னொன்றையும் மூடி மறைக்கக் கூடாது. தாஹிதியில் அவர் தன்னோடு வைத்துக்கொண்ட தேஹாமானாவுக்கு ஏறத்தாழ பதின்மூன்று வயது. பின்னர் வந்தவர்களும் அந்த வயதை ஒட்டிய சிறுமிகளே. பிரெஞ்சுக் காலனியில் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கிடைத்த அதிகாரம் அது. கலைக்கான சுதந்திரம் என்று அதற்குப் பெயர் வைப்பது அநியாயம்.

பணம் பற்றிய இன்னொரு காட்சி எனக்கு இருவரையும் ஒன்றாக நிறுத்திக் காட்டுகிறது. காகினிடம் செசானின் நிலைப்பொருள் ஓவியம் ஒன்று இருந்தது: பழத்தட்டு, கண்ணாடிக் குவளை, ஆப்பிள்கள். 1888-இல், கையில் காசே இல்லாத நிலையில், அதை விற்பாயா என்று ஷூஃபெனெக்கர் கேட்டார். 300 பிராங்குக்குக் கேட்டவர்களுக்கே கொடுக்கவில்லை, கடைசிச் சட்டையை விற்ற பிறகுதான் அதை விற்பேன் என்று காகின் பதில் எழுதினார். 1890-இல் தான் வரைந்த ஒரு பெண்ணின் உருவப்படத்துக்குப் பின்னணியாக அதே செசான் ஓவியத்தை வரைந்து வைத்தார். பல ஆண்டுகள் கழித்து, தாஹிதியில் உடம்பு முற்றாகக் கெட்டபோது மருத்துவச் செலவுக்காக அது கைமாறியது. இன்று அது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செசானை உலகம் மதிக்காத நாளில், அந்தப் பழத்தட்டின் மதிப்பு பாரிஸில் தெரிந்த மிகச் சிலரில் இரண்டு பேர், முன்னாள் தரகு அலுவலகக்காரர்கள். பார்க்கும் கண் இருவருக்குமே இருந்தது.

விற்கும் கை ஒருவருக்குத்தான் இருந்தது. தொழிலை விட்ட காகினை, தொழில் கற்றுக்கொடுத்த சாமர்த்தியம் விடவில்லை. 1883-இலேயே பிஸ்ஸாரோ தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், காகினின் நினைப்பெல்லாம் வியாபாரத்திலேயே இருக்கிறது என்று வருந்தியிருக்கிறார். தாஹிதிப் பயணத்துக்குப் பணம் திரட்ட 1891 பிப்ரவரியில் ஓவிய ஏலம் நடத்துவதற்கு முன், கவிஞர் மல்லார்மே வழியாக ஒக்தாவ் மிர்போவைப் பிடித்துப் பத்திரிகையில் புகழ்ந்து எழுதவைத்தார். ஏலத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிராங்க் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பியதும், பாரிஸ் மக்களுக்குத் தன் தாஹிதி ஓவியங்களைப் புரியவைக்க ‘நோவா நோவா’ என்ற நூலை எழுத உட்கார்ந்தார். பங்கு விற்பவனுக்குத் தெரிந்த உண்மை அவருக்குத் தெரியும்: சரக்கோடு கதையும் போக வேண்டும். ஷூஃபெனெக்கருக்கு அந்தக் கலை வரவேயில்லை. அவருடைய தனிக்கண்காட்சி நடந்தது 1896-இல், நாற்பத்துநான்கு வயதில்.

வாங்குவதில் மட்டும் அவர் கெட்டிக்காரர். ஆசிரியர் வருமானத்தையும் கையிருப்பையும் வைத்துக்கொண்டு காகின், செசான், ரெதோன், வான்கோ என்று சேர்த்தார். வான்கோவின் சூரியகாந்தி ஓவியங்களில் ஒன்று அவரிடம் இருந்தது. அது 1987-இல் லண்டன் ஏலத்தில் ஏறத்தாழ நான்கு கோடி டாலருக்கு விலைபோய் ஜப்பானிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. அவருக்கு இதில் எதுவும் மிஞ்சவில்லை. மணவாழ்க்கை முறிந்து விவாகரத்து வழக்கு நடந்தபோது, சேகரிப்பைத் தம்பியிடம் விற்றுவிட நேர்ந்தது. இறந்த பிறகு இன்னொரு அவமானம்: வான்கோ ஓவியங்களைப் போலியாக வரைந்தவர் என்று சிலர் அவர்மேல் சந்தேகம் கிளப்பினார்கள். அந்தச் சூரியகாந்தி வான்கோ வரைந்ததுதான் என்று ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தின் ஆய்வு 2002-இல் உறுதி செய்தது. தனக்காகக் குரல் கொடுக்கத் தெரியாதவரின் பெயர் எப்படியெல்லாம் புரட்டப்படும் என்பதற்கு இந்த விவகாரம் சாட்சி.

இனி ஓவியங்கள். நார்மண்டிக் கடற்கரைப் பாறைகளையும் பாரிஸ் பூங்காக்களையும் ஷூஃபெனெக்கர் வரைந்த பேஸ்டல் படங்களில் ஓர் அமைதியான ஒளி இருக்கிறது. நிறத்தை அழுத்தாமல் தடவி, ஈரக்காற்றைக் கொண்டுவரும் கை அவருடையது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்தால் மோனே, இன்னொன்றைப் பார்த்தால் சூரா, மற்றொன்றில் ரெதோன் என்று பக்கத்தில் நிற்பவரின் நிழல் விழுந்துகொண்டே இருக்கிறது. நல்ல ஓவியர், தனக்கென்று ஒரு உலகம் கட்டாத ஓவியர். காகின் 1897-98-இல் பெரிய கோணித்துணியில் வரைந்த, இன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘நாம் எங்கிருந்து வருகிறோம்? நாம் யார்? எங்கே போகிறோம்?’ என்ற ஓவியத்தின் முன்னால் இந்தப் படங்களை வைக்க முடியாது. மகள் இறந்த செய்திக்குப் பிறகு, சாவுக்குத் தயாராகிக்கொண்டே வரைந்த ஓவியம் அது. பச்சையும் நீலமும் தங்கமஞ்சளும் ஒரு முழு வாழ்நாளைத் தாங்கி நிற்கின்றன.

அப்படியானால் மாதச் சம்பளம்தான் ஷூஃபெனெக்கரின் கலையைக் கொன்றதா? பலர் இந்த முடிவுக்கு வருகிறார்கள். நான் ஏற்கவில்லை. செசான் வங்கிக்காரத் தந்தையின் பணத்தில் வாழ்ந்தார். சூராவுக்குக் குடும்ப வருமானம் இருந்தது. ஆன்ரி ரூசோ பாரிஸ் சுங்கச்சாவடியில் சம்பளம் வாங்கிக்கொண்டே வரைந்து, 1893-இல் ஓய்வூதியத்தோடு வெளியே வந்தார். யாருடைய கலையும் அதனால் சிறுத்துப்போகவில்லை. காகினே சம்பளக்காரராக இருந்த காலத்தில், 1880-இல் வரைந்த நிர்வாணப் பெண்ணின் ஓவியத்தை எழுத்தாளர் உய்ஸ்மான்ஸ் மறுவருடக் கண்காட்சியில் பார்த்து மனந்திறந்து புகழ்ந்தார். ஷூஃபெனெக்கர் தாஹிதிக்குப் போயிருந்தாலும் ஷூஃபெனெக்கராகத்தான் வரைந்திருப்பார். காகின் வான்வ் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்திருந்தால்? தாஹிதி ஓவியங்கள் இருந்திருக்கமாட்டா. ஆனால் 1888-இல் வரைந்த ‘பிரசங்கத்துக்குப் பின் தரிசனம்’, அந்த இரத்தச் சிவப்பு நிலமும் மல்யுத்தம் செய்யும் தேவதூதனும், ஒரு கோடை விடுமுறையிலும் பிறந்திருக்கக் கூடியவை.

காகின் 1903 மே 8 அன்று மார்க்கேசாஸ் தீவுகளில் அத்துவோனா கிராமத்தில் இறந்தார், வயது ஐம்பத்துநான்கு. அவருடைய உடைமைகளை பாப்பீத்தேயில் ஏலம் விட்டபோது, பிரெத்தாஞ் கிராமத்துப் பனிக்காட்சி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து நயாகரா நீர்வீழ்ச்சி என்று கூவி விற்றார்கள். அது ஏழு பிராங்குக்குப் போனது. அவர் 1892-இல் வரைந்த தாஹிதிப் பெண்கள் ஓவியம் ஒன்று 2014-இல் இருபது கோடி டாலருக்கும் மேலான விலைக்குக் கைமாறியது. ஷூஃபெனெக்கர் 1934 வரை வாழ்ந்து, நண்பரின் பெயர் உலகமெங்கும் பரவுவதைப் பார்த்துவிட்டு, எண்பத்திரண்டாம் வயதில் பாரிஸில் இறந்தார்.

கலையில் காகின் எங்கோ உயரத்தில் நிற்கிறார், அதில் தகராறு இல்லை. துணிவில் அவரை உயர்த்தி ஷூஃபெனெக்கரைத் தாழ்த்துவது சரியான தீர்ப்பு இல்லை. ஒருவர் தன் ஆசைக்குத் தானே விலை கொடுத்தார். இன்னொருவரின் ஆசைக்கு மனைவியும் பிள்ளைகளும் நண்பர்களும் ஒரு தீவின் சிறுமிகளும் விலை கொடுத்தார்கள். வேலையை விட்டு ஓவியம் வரைய நினைக்கும் இளைஞர்களிடம் காகினின் கதையைச் சொல்பவர்கள், வேலையில் இருந்துகொண்டே அவர் கற்ற அந்தப் பத்தாண்டுகளையும், கோபன்ஹேகனில் மெட்டே நடத்திய பாடங்களையும், வான்வ் பள்ளியின் டிராயிங் மாஸ்டரையும் விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.